புதுப்பிப்பு: புகைக்கூண்டுச் சுவர் ஈரம்

திருவையாறு பக்கம் உள்ள எங்கள் தாத்தா வீட்டில், விறகடுப்பு நின்றுபோன அடுப்படியின் புகைக்கூண்டைச் சுற்றிச் சுவர் ஊறிப் பழுப்புக் கறை படிகிறது என்று ஐப்பசியில் எழுதியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை.

மேலே கூண்டும் ஓடும் சேரும் இடத்தில் பூச்சு வெடித்திருந்தது. அதை அடைத்ததும் ஒழுகல் நின்றது. ஆனாலும் மழையே இல்லாத புழுக்கமான நாளில் அதே கறை மறுபடி ஈரமானது. காரணம் உப்பு. பல வருஷ விறகுப்புகையின் உப்பு செங்கல்லுக்குள் இறங்கியிருக்கிறது. அது காற்றில் உள்ள ஈரத்தையே இழுக்கும். சிமெண்டுப் பூச்சைத் தட்டினால் பொள்ளென்று சத்தம். பெயர்த்தால் பின்னால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

“தம்பி, திரும்பவும் சிமெண்டு போட்டா ஈரம் உள்ளேயே நிக்கும்” என்றார் கொத்தனார் அண்ணன். கறையைத் தாண்டி ஒரு முழம் வரை பெயர்த்து, கரியையும் உப்பையும் தண்ணீர் விடாமல் தேய்த்து எடுத்து, சுண்ணாம்புக் காரை பூசினோம்.

அப்புறம் முக்கியமான வேலை: கூண்டை மேலும் கீழும் முழுசாக அடைத்து வைத்திருந்தார்கள். இப்போது கீழே காற்று நுழையத் துளைகள் உள்ள சின்ன ஜாலி, உச்சியில் பக்கவாட்டில் காற்றுப் போகும்படி ஒரு மூடி. மழை இறங்காது, காற்று ஓடும்.

செங்கல் சுவர் முழுசாகக் காய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வெள்ளையடிப்பு மட்டும்தான், பெயிண்ட் கிடையாது.