ஒரே வேலை, இரண்டு சம்பளம்: ஸ்கில் வளர்த்தால் சரியாகிவிடுமா?

நீலப்பட்டை:
ஒரு பெரிய நிறுவனத்தின் சப்போர்ட் டீமில் வேலை பார்க்கிறேன். ஆனால் சம்பளம் போடுவது ஆள் அனுப்பும் ஏஜென்சி. எனக்கும் பக்கத்து சீட்டில் இருக்கும் நிரந்தர ஊழியருக்கும் வருவது ஒரே டிக்கெட்டுகள்தான் (வாடிக்கையாளர் புகார்கள்), அவர் லீவு போட்டால் அவருடையதையும் நானே முடிக்கிறேன். அவர் வாங்குவதில் பாதிகூட எனக்கு வருவதில்லை, போனஸ், குடும்பத்துக்குக் காப்பீடு எதுவும் கிடையாது, ஐடி கார்டுப் பட்டையின் நிறம்கூட வேறு. அப்ரைசல் வாரத்தில் நிரந்தர ஊழியர்கள் ஒவ்வொருவராக மீட்டிங் அறைக்குப் போய்வர, அன்றைய போன் முழுக்க எங்கள் தலையில். நிரந்தரமாக்குவீர்களா என்று கேட்டால் ‘ஹெட்கவுன்ட் இல்லை’, அதாவது நிரந்தர இடம் ஒதுக்கவில்லையாம். சரி, வெளியே தேடலாம் என்றால், ஃப்ரெஷர் வேலை என்று போட்டுவிட்டு மூன்று வருட அனுபவம் கேட்கிறார்கள். யாரைக் கேட்டாலும் ஸ்கில் வளர்த்துக்கொள் என்கிறார்கள். செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்பதை ஸ்கில் எப்படிச் சரிசெய்யும்?

வேகத்தடை:
ப்ரோ, புலம்பி ஒன்றும் ஆகப்போவதில்லை. அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டு வேறு கம்பெனிக்குத் தாவுங்கள். இருக்கிற இடத்திலேயே இருப்பவனுக்கு யாரும் கூட்டித் தர மாட்டார்கள்.

பழைய பேரேடு:
உங்களுக்கு மட்டும் வழி தேடினால் மேலே சொன்னது சரிதான். ஆனால் நீங்கள் தாவிய பிறகு அந்த சீட்டில் வந்து உட்காருபவருக்கும் அதே பாதிச் சம்பளம்தானே?

அமெரிக்காவில் 1978 முதல் 2013 வரையிலான சம்பளப் பதிவுகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். அங்கே கூடிய ஊதிய ஏற்றத்தாழ்வில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, ஒரே நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கு இடையில் வந்ததல்ல, நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையில் வந்தது. அதாவது நல்ல சம்பளக்காரர்கள் ஒரு பக்கமும் குறைந்த சம்பளக்காரர்கள் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்துகொண்டே போகிறார்கள். துப்புரவு, காவல், கேன்டீன் எல்லாம் முன்பு பல இடங்களில் கம்பெனியின் சொந்தப் பேரேட்டிலேயே இருந்தன. மேனேஜருக்குக் கூட்டினால் கீழே இருப்பவரும் ‘எனக்கு?’ என்று கேட்பார், ஏதாவது கொடுத்தாக வேண்டும். வேலையை வெளியே கொடுத்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை, யார் குறைந்த விலை சொல்கிறார்களோ அந்த ஏஜென்சிக்கு ஒப்பந்தம். இப்போது அது சப்போர்ட், டெஸ்டிங் வரைக்கும் வந்துவிட்டது.

இன்னொன்று. அமெரிக்காவில் பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகள், சிஇஓ சம்பளம் நடுத்தர ஊழியரின் (சம்பள வரிசையில் சரியாக நடுவில் நிற்பவர்) சம்பளத்தைப் போல் எத்தனை மடங்கு என்று 2018 முதல் வெளியிட வேண்டும். (பெரிய கம்பெனிகளில் 1965 வாக்கில் சாதாரணத் தொழிலாளியைப் போல் சுமார் 20 மடங்காக இருந்தது என்றும், இப்போது 300 மடங்கை ஒட்டி இருக்கிறது என்றும் அங்குள்ள பொருளாதாரக் கொள்கை நிறுவனம் கணக்கிடுகிறது.) அந்த நடுத்தர ஊழியரைக் கண்டுபிடிக்கும் கணக்கில், சம்பந்தமில்லாத வெளி ஏஜென்சி சம்பளம் நிர்ணயிக்கும் ஆட்களைச் சேர்க்க வேண்டியதில்லை. குறைந்த சம்பளக்காரர்களை வெளியே தள்ளினால் மிச்சம் மட்டுமல்ல, காகிதத்தில் கம்பெனி கொஞ்சம் நியாயமாகவும் தெரியும்!

நேர்காணல் நாற்காலி:
நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் இருப்பவள். ‘ஹெட்கவுன்ட் இல்லை’ என்பது பெரும்பாலும் பொய்யில்லை தம்பி, ஆனால் முழு உண்மையும் இல்லை. நிரந்தர ஊழியர் சம்பளக் கணக்கில் வருவார். உங்களுக்கான பணமோ வெண்டர் (அதாவது ஏஜென்சி) பில்லாக, பல இடங்களில் கொள்முதல் கணக்கில் போகும். பேனா, பிரின்டர் வாங்கும் அதே கணக்கு. அதனால் உங்கள் மேனேஜர் மனது வைத்தாலும் அந்தப் பணத்தை இந்தப் பக்கம் திருப்ப முடியாது. பேச வேண்டிய நேரம் அப்ரைசல் வாரம் இல்லை, வெண்டர் ஒப்பந்தம் புதுப்பிக்கும் சமயம், அதுவும் அடுத்த ஆண்டு பட்ஜெட் முடிவாகும் முன்பு.

வெளியே போனால் பழைய சம்பளத்தைச் சொல்லிவிடாதீர்கள், அதன்மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து முடித்துவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 சம்பள வெளிப்படைத்தன்மை நெறிமுறை, பழைய சம்பளம் என்ன என்று கேட்பதையே தடுக்கும்படி உறுப்பு நாடுகளுக்குச் சொல்கிறது. மற்ற இடங்களில் எதிர்பார்க்கும் தொகையை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

கடைசி பெஞ்ச்:
ஸ்கில் சரிசெய்யாததைச் சட்டம் கொஞ்சம் சரிசெய்திருக்கிறது. பிரிட்டனில் 2011 அக்டோபர் முதல், ஏஜென்சி ஆள் ஒரே இடத்தில் 12 வாரம் வேலை செய்துவிட்டால் நேரடி ஊழியருக்கு உள்ள அதே அடிப்படைச் சம்பளம் தர வேண்டும். உடனே ஓட்டையும் கண்டுபிடித்தார்கள். வேலை இல்லாத இடைவெளியிலும் கொஞ்சம் சம்பளம் தருகிறோம் என்று ஏஜென்சி எழுதிக் கொடுத்தால் அந்தச் சமச் சம்பள விதி பொருந்தாது. அதை அடைக்க 2020 ஏப்ரல் ஆகிவிட்டது. தாவச் சொன்ன ப்ரோ, தாவ முடியாதவர்களுக்கு இப்படி ஒன்று இருந்தால் என்ன குறைந்துவிடும்?

வேகத்தடை:
வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? சட்டம் வரும்வரை வாடகை நிற்குமா?

நீலப்பட்டை:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, ஒரு சந்தேகம். என்னை நிரந்தரமாக்கினால் நிறுவனம் ஏஜென்சிக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று டீமில் ஒருவர் சொன்னார். என் ஆஃபர் லெட்டரில் அப்படி எதுவும் இல்லையே?

நேர்காணல் நாற்காலி:
அதில் இருக்காது. அது அவர்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் இருக்கும். குறிப்பிட்ட காலம் வேலை பார்த்துவிட்டால் கட்டணம் இல்லை என்றும் சில ஒப்பந்தங்களில் இருக்கும். உங்கள் மேனேஜரிடம் அந்தக் காலம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.