லாகவூலின், கல் ஈலா: எந்த பாட்டில்களை ஒப்பிடலாம்?

ஸ்காட்லாந்தின் ஐலா தீவு மால்ட் விஸ்கி பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்; லாகவூலினும் கல் ஈலாவும் அங்குள்ள ஆலைகள்.

இரண்டு ஆலைகளுக்கும் போர்ட் எலன் மால்டிங்ஸ் என்ற முளைகட்டும் ஆலையில் இருந்துதான் பீட் (சதுப்பு நிலக் கரி) புகையிட்ட பார்லி வருகிறது, சுமார் 35 பிபிஎம் (பத்து லட்சத்தில் 35 பங்கு) ஃபீனால், அதாவது புகை வாசம் தரும் பொருள். (அந்த அளவு பார்லியில் எடுப்பது; காய்ச்சி இறக்கியதும் வெகுவாகக் குறைந்துவிடும்.) ஆனால் லாகவூலினில் அடுப்புக்கரியும் உலர்திராட்சையும் கனமாக நாக்கில் நிற்கும். கல் ஈலாவோ எலுமிச்சைத் தோல், கடல் உப்பு, மெல்லிய புகை. லாகவூலினில் செம்புக் கொப்பரையை ஏறக்குறைய நிரப்பி மெதுவாகக் காய்ச்சுகிறார்கள். கல் ஈலாவில் குறைவாக நிரப்புவதால் ஆவி செம்பில் அதிகம் படுகிறது, சரக்கும் மென்மையாகிறது.

காய்ச்சும் முறையில் உள்ள இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் ருசித்துப் பார்க்க வேண்டும். லாகவூலின் 16-ஐயும் கல் ஈலா 12-ஐயும் (எண் பீப்பாயில் இருந்த வருடம்) வைத்தால் சரிவராது. இரண்டும் 43% ஆல்கஹால்தான், ஆனால் வயதும் பீப்பாயும் வேறு. அதனால் லாகவூலின் 8 (48%) எடுக்கலாம் என்று திட்டம். அதற்கு ஜோடியாக, ஷெர்ரி ஒயின் படாத, பழைய போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயில் 8 வருடம் இருந்த கல் ஈலா எந்தத் தனி பாட்டிலரிடம் (ஆலையின் சரக்கை வாங்கித் தன் பெயரில் விற்பவர்) கிடைக்கும்?

இன்னொன்று: 48% சரக்கு 25 மில்லிக்கு 5 மில்லி தண்ணீர் விட்டால் 40% ஆகும். அந்த அளவில் கல் ஈலா நீர்த்துப்போகுமா, 2 மில்லியோடு நிறுத்துவது நல்லதா?