தும்ஆ: தீட்டா, துடக்கா?

அனைவருக்கும் வணக்கம். சமயவியல் முதலாண்டுப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பண்டைய இஸ்ரவேலின் ஆசாரியர் பற்றிய பகுதியில் 'தும்ஆ' என்ற எபிரேயச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வேதாகமத் தமிழில் 'தீட்டு'. எனக்கு உறுத்துகிறது. லேவியராகமம் 21-இன்படி ஆசாரியன் பிணத்தால் தீட்டுப்படக் கூடாது, ஆனால் தாய், தகப்பன், மகன், மகள், சகோதரன், மணமாகாத சகோதரி இறந்தால் படலாம். பிரதான ஆசாரியனுக்குப் பெற்றவர்களுக்காகக்கூட அனுமதி இல்லை. பெற்ற தாயை அடக்கம் செய்தவன் பாவியா என்ன? கொஞ்ச நாள் பரிசுத்த இடத்தை நெருங்க முடியாது, அவ்வளவுதான். வகுப்பில் தீட்டு என்றால் பிள்ளைகளுக்குச் சாதிதான் நினைவுக்கு வரும். வேறு சொல் சொல்லுங்கள்.

> வேறு சொல் சொல்லுங்கள்

துடக்கு. யாழ்ப்பாணத்தில் பிறப்புக்கும் இறப்புக்கும் அதுதான், நாள் கணக்கு முடிந்தால் துடக்குக் கழிந்தது. சாதி வாடை குறைவு. இதன் மூலம் தொடக்கு, தொடக்கென்றால் கட்டு, தளை. பிணத்தைத் தொட்டவன் ஏழு நாள் கட்டுண்டு கிடக்கிறான், மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் சுட்டெரித்த சிவப்புக் கிடாரியின் சாம்பல் கலந்த நீரைத் தெளித்தால் கட்டு அவிழ்கிறது. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

> தொடக்கென்றால் கட்டு

அப்படிப் பார்த்தால் தீட்டும் தீண்டு என்பதிலிருந்து வந்ததுதானே ஐயா. புறநானூறு 299-இல் முருகன் கோட்டத்துக் 'கலம் தொடா மகளிர்', அதாவது மாதவிலக்கில் கலங்களைத் தொடாத பெண்கள், வருகிறார்கள், பொன்முடியார் தீட்டு என்ற சொல்லே இல்லாமல் காரியத்தை முடித்துவிட்டார். அதைப் பிடித்து 'தொடாமை' என்று வைக்கலாமா?

> தொடாமை

தீட்டிலிருந்து தப்பித்துத் தீண்டாமையில் போய் விழவா? நல்ல யோசனை. அது போக, முதலில் அது ஆசாரியனா குருவா என்று முடிவு செய்யுங்கள், கத்தோலிக்கர் குரு என்றுதானே படிக்கிறார்கள்.

அதை ஆரம்பித்தால் வெள்ளி போய்விடும் அக்கா.

> சாதி வாடை குறைவு

தும்ஆவோடு யாரும் பிறப்பதில்லை, சரி. ஆனால் முதல் பிரதான ஆசாரியன் ஆரோன் வழியில் பிறந்தால்தான் ஆசாரியன். அதிலும் உடற்குறை இருந்தால் பரிசுத்த அப்பத்தை உண்ணலாம், பலிபீடத்தை நெருங்க முடியாது. பிறப்பின் வாடையை இந்தப் பாடத்திலிருந்து துடைக்கவா சொல் தேடுகிறோம்? தீட்டே இருக்கட்டும், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

இன்னொன்றும் மாட்டிக்கொண்டது. தீட்டுப்பட்ட ஆசாரியன் குளித்துவிட்டான், பொழுது இன்னும் சாயவில்லை, அதுவரை பரிசுத்தமானதை உண்ண முடியாது. இந்த இடைநிலைக்காரனுக்கு 'தெவுல் யோம்' என்று பெயர், யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் தனிப் பகுதியே உண்டு. மிஷ்னா தொடங்குவதும் இங்கேதான்: ஷெமா என்ற அன்றாட வேதப்பகுதியை மாலையில் எப்போதிலிருந்து ஓதலாம்? ஆசாரியர்கள் தெருமா (விளைச்சலில் அவர்களுக்கென ஒதுக்கிய பரிசுத்தப் பங்கு) உண்ண உள்ளே போகும் நேரத்திலிருந்து. 'அந்திநோக்கி' எப்படி?

வானிலைக் கருவி மாதிரி இருக்கிறது. 'அன்று மூழ்கியவர்' என்று நேராக எழுதுங்கள்.

> நேராக எழுதுங்கள்

சரி, அதுவே. தும்ஆவுக்குத் தீட்டு, முதல் பக்கத்தில் ஒரு விளக்கம். மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் போல. அச்சுக்கு அனுப்புகிறேன்.

> மூன்று பேர் சரி என்றார்கள்

நான் சொல்லவில்லை. சிவப்புக் கிடாரியைச் சுட்டெரித்தவனும் சாயங்காலம்வரை தீட்டு, அந்தச் சாம்பல்தான் அடுத்தவன் தீட்டைக் கழிக்கிறது. தொடக்கு என்றிருந்தால், ஒருவன் கட்டை அவிழ்க்கப் போனவன் தானே அதில் சிக்கிக்கொண்டான் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். மறுபதிப்பு வரட்டும், பேசிக்கொள்கிறேன்.