தாடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களே, இப்போது திருப்தியா?

கயல்95:
எனக்குக் கீழ்த்தாடை முன்னால் நீண்டிருக்கும், முன்பற்கள் ஒன்றோடொன்று சேராது, பரோட்டாவைக்கூடக் கையால் பிய்த்துக் கடைவாயில் போட்டுத்தான் மெல்வேன். ஆபரேஷனுக்காகக் கம்பி கட்டி ஒரு வருடத்துக்கு மேலாகிறது, ஆனால் தாடை முன்பைவிட நீண்ட மாதிரி இருக்கிறது! "இருக்கிற முகத்துக்கு என்னடி குறைச்சல்" என்கிறார் அம்மா. செய்துகொண்டவர்கள் மழுப்பாமல் சொல்லுங்கள், பிறகு வருத்தப்பட்டீர்களா?

பல்லவன்:
பல் டாக்டர்தான் நான். கம்பி கட்டியபின் மோசமாகத் தெரிவது சகஜம். தாடைகள் பொருந்தாததை ஈடுகட்ட உங்கள் கீழ்ப்பற்கள் உள்ளே சாய்ந்தும் மேல்பற்கள் வெளியே சாய்ந்தும் வளர்ந்திருக்கும், கம்பி அவற்றை நிமிர்த்துவதால் உண்மையான இடைவெளி முழுதாக வெளியே வருகிறது, அது வந்தால்தான் தாடையைச் சரியான இடத்துக்கு நகர்த்த முடியும். திருப்தியைப் பொறுத்தவரை, பெரும்பாலானவர்கள் மறுபடியும் செய்துகொள்வேன் என்றுதான் சொல்கிறார்கள். அதை அளக்க 22 கேள்விகள் கொண்ட படிவமே இருக்கிறது, முக அழகோடு மெல்லுவது, போட்டோவுக்கு நிற்கத் தயங்குவது எல்லாம் அதில் வரும்.

மதுரைக்காரன்:
எனக்குத் திருப்திதான், ஆனால் முதல் மாதம் யாரிடமும் கேட்காதீர்கள், நானே திட்டியிருப்பேன். முகம் பூசணி மாதிரி வீங்கி, வாயில் ரப்பர் பேண்ட், மிக்ஸியில் அடித்த ரசம் சாதம், அதற்கு மேல் ராத்திரியில் காரணமில்லாமல் அழுகை வேறு. வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும், மிச்சம் முழுதாகப் போக மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் ஒருநாள் உளுந்து வடையை முன்பல்லால் கடித்தேன், கடித்த இடத்தில் பல்தடம் வரிசையாக அரைவட்டமாக விழுந்திருந்தது, அதைத் தின்னாமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நிலா:
நான் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல மாட்டேன். கடி சரியாகிவிட்டது, முகமும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கீழுதட்டில் ஒரு பக்கம் இன்னும் மரத்தே இருக்கிறது, டீ வழிந்தாலும் எதிரில் இருப்பவர் சொல்லித்தான் தெரியும். இப்படி ஆகலாம் என்று கையெழுத்து வாங்கிய தாளில் இருந்ததாம், வாயால் ஒருவரும் சொல்லவில்லை, எனக்குக் கோபமே அதில்தான். இன்னொன்று, சொந்தக்காரர்களின் கேலிக்காகச் செய்யாதீர்கள், அவர்கள் இப்போது "பழைய முகம்தான் லட்சணம்" என்கிறார்கள்.

கயல்95:
நிலா அக்கா, இதுதான் எனக்கும் பயம். டாக்டர், மேல்தாடையை மட்டும் முன்னால் நகர்த்தினால் இந்த மரப்பு வராதா?

பல்லவன்:
கீழுதட்டுக்குப் போகும் நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது, எலும்பைப் பிளப்பதும் அதை ஒட்டித்தான். மேல்தாடை மட்டும் என்றால் அந்த நரம்பின் பக்கமே போக வேண்டியதில்லை, கன்னமும் மேலுதடும் மரக்கும், பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் உங்கள் கடிக்கு அது மட்டும் போதுமா என்பதை எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும். அடுத்தமுறை போகும்போது மேலா, கீழா, இரண்டுமா, எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள், அம்மாவையும் கூட்டிப்போங்கள்.