மேப்பிள் பாகு காய்ச்சுறது பற்றிப் படிக்க என்ன இருக்கு?

சாயல்குடி பனங்காடு:
எங்க வீட்ல பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊத்துறோம். கனடாவுல இருக்கிற அக்கா மகன் மேப்பிள் பாகு ஒரு பாட்டில் கொண்டாந்தான். அதுவும் மரத்துச் சாறாம்! விளம்பரம் வேண்டாம், அங்க அடுப்படியில நிக்கிறவங்க பக்குவம் தெரியணும். என்ன படிக்கலாம்?

கீழக்கரை வாசகி:
அண்ணே, கேத்தரின் பார் ட்ரெயில் கனடாவுல குடியேறின பெண்களுக்கு 1850களில் எழுதின கையேட்டைப் பாருங்க. மேப்பிள் சர்க்கரை காய்ச்சுறது அதுல இருக்கு, இணையத்துல இலவசம். எட்னா ஸ்டேப்ளரோட 1968 புத்தகம் கனடாவோட ஒண்டாரியோ மாகாணத்துல இருக்கிற மென்னோனைட்ங்கிற கிறித்தவப் பிரிவினரோட வீட்டுச் சமையல். எனக்கு அதுதான் உசிரு.

பாம்பன்காரன்:
ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வத்தணும். ராத்திரி உறைபனி, பகல்ல இளக்கம். அப்பத்தான் சாறு இறங்கும். கனடாவோட கியூபெக் மாகாணத்துல அந்தப் பருவத்துல காய்ச்சுற கொட்டகையிலேயே பந்தி உண்டு: பீன்ஸ், பன்றிக்கறி, முட்டை, மேல பாகு. மருமகனை மார்ச்ல அங்க போகச் சொல்லுங்க.

சாயல்குடி பனங்காடு:
நன்றி தம்பி. நாங்க கலயத்துல சுண்ணாம்பு தடவாட்டி பதநீர் புளிச்சுரும். அவங்களுக்குக் குளிரே காவல் போல. பதம் எப்படிப் பாக்குறாங்க? நாங்க தண்ணியில சொட்டு விட்டு உருட்டிப் பாப்போம்.

பாம்பன்காரன்:
வெப்பமானிதான். தண்ணி கொதிக்கிற சூட்டுக்கு மேல சுமார் 4 டிகிரி செல்சியஸ் ஏறினா இறக்கிருவாங்க.