டி ஆன்ஸாவில் 2 வருடம், அப்புறம் பெர்க்லி: லாபமா, வம்பா?

சன்னிவேல்_அப்பா: மகளுக்கு யூ.சி.யில், அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், சான்டா குரூஸ் வளாகத்தில் நேரடியாகவே இடம் கிடைத்துவிட்டது. அவளோ, முதல் 2 வருடப் பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் நடத்தும் டி ஆன்ஸா கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு, யூ.சி.யின் பெர்க்லி வளாகத்துக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ். "ஊரில் கேட்டால் என்ன சொல்வது?" என்று மாமியார் புலம்பல் வேறு. கிரெடிட் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேருமா?

கணக்குப்பிள்ளை: ஊரை விடுங்கள் சார், கணக்கைப் பாருங்கள். டி ஆன்ஸாவில் பாடங்கள் செமஸ்டரைவிடச் சிறிய 'குவார்ட்டர்' பருவங்களில் நடக்கும்; அங்கே ஒரு குவார்ட்டர் யூனிட் (கிரெடிட்) 31 டாலர். யூ.சி.யில் மூன்றாம் ஆண்டில் சேர 90 யூனிட் வேண்டும். ஆக 2,790 டாலர். புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. யூ.சி.யில் ஒரு வருடத்துக்கே 14,000-க்கு மேல், அதுவும் தங்குவது சாப்பிடுவது சேர்க்காமல். கடைசியில் வாங்கும் பட்டம் ஒன்றுதான்.

பழைய_டிரான்ஸ்ஃபர்: இதே கணக்கை நம்பித்தான் நானும் போனேன். யூனிட் எல்லாம் போய்ச் சேர்ந்தன, பொய் சொல்லவில்லை. ஆனால் சேருவது வேறு, மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) ஆவது வேறு. குவார்ட்டர் கல்லூரியில் கால்குலஸை நான்கு துண்டாக நடத்துவார்கள், செமஸ்டர் கல்லூரியில் மூன்று. நான் இரண்டு துண்டு முடித்த சமயம் வீடு மாறி, ஒரு செமஸ்டர் கல்லூரிக்குப் போனேன். அங்கத்து இரண்டாம் துண்டில் எனக்கு டெய்லர் தொடர் ஒன்றுதான் பாக்கி. அதற்காக, ஏற்கெனவே படித்த இன்டக்ரேஷனை மறுபடி பாதி செமஸ்டர் உட்கார்ந்து கேட்டேன். அதனால் பிசிக்ஸ் தள்ளிப்போனது. மொத்தம் 5 வருடம். அந்த அஞ்சாவது வருடத்தை உங்கள் 2,790-இல் எங்கே எழுதுவீர்கள்?

கணக்குப்பிள்ளை: நடுவில் கல்லூரி மாறினால் அப்படித்தான். அதை எல்லார் தலையிலும் கட்டாதீர்கள். அஸிஸ்ட் தளத்தில் இந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் அந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று மேஜர் வாரியாகப் போட்டிருக்கிறார்களே, பார்த்தீர்களா?

பழைய_டிரான்ஸ்ஃபர்: அப்போது பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அஸிஸ்ட் உறுதி சொல்வது பாடத்துக்கு, இடத்துக்கு இல்லை. இடத்துக்கு உறுதி தருவது 'டேக்' (TAG) என்ற, கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறுபவர்களுக்கான யூ.சி. திட்டம். அது டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களுக்கு மட்டும். அதிலும் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், சில மேஜர்களுக்குக் கிடையவே கிடையாது. பெர்க்லி பட்டியலிலேயே இல்லை. கையில் இருக்கும் சான்டா குரூஸை விட்டுவிட்டு, 2 வருடம் கழித்து அதே வாசலில் போய் நிற்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை: நிற்கட்டுமே! கட்டணத்தில் மட்டும் 25,000 டாலர் மிச்சத்தோடு நிற்பாள்.

குவார்ட்டர்_அக்கா: இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். டி ஆன்ஸா குவார்ட்டர், பெர்க்லி செமஸ்டர். பொண்ணு போவதானால் கால்குலஸ் 1ஏ முதல் 1டி வரை நான்கையும் டி ஆன்ஸாவிலேயே முடிக்கச் சொல்லுங்கள் அண்ணா. மூன்றோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தை அங்கே போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் கிளம்ப வேண்டாம்.

சன்னிவேல்_அப்பா: சரி, மே 1 வரை டைம் இருக்கிறது. இன்று ராத்திரி அவளோடு உட்கார்ந்து அஸிஸ்டைப் பார்க்கிறேன். மாமியாரிடம் "சான்டா குரூஸ் கிடைத்தது, நாங்கள்தான் வேண்டாம் என்றோம்" என்று சொன்னால் எடுபடுமா?