வௌவால் வைரஸ் 96% ஒத்துப்போனால் மூலம் கிடைத்துவிட்டதா?

கேள்வி: மலைக்காற்று, கோத்தகிரி
இங்கே மூடிக்கிடக்கும் தேயிலை ஃபேக்டரி ஒன்றின் பரணில் லாடமூக்கு வௌவால்கள் தொங்குகின்றன. சீனாவின் யுனான் மாகாணத்து வௌவாலில் கோவிட் வைரஸோடு 96% ஒத்த வைரஸ் இருந்தது என்று படித்துவிட்டு, புகை போட்டு விரட்டச் சொல்கிறார்கள். 96% என்றால் மூலம் கிடைத்ததாகத்தானே அர்த்தம்? இங்குள்ளவற்றைச் சோதிக்க எச்சம் எடுத்தால் போதுமா?

பதில்: குறிஞ்சி
96% என்பது தூரத்துச் சொந்தம், பெற்ற தாய் இல்லை. இந்த வைரஸின் மரபணு சுமார் 30,000 எழுத்து. அதில் 4% என்றால் ஏறக்குறைய 1,200 எழுத்து வித்தியாசம். அவ்வளவு சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். இதேபோல் இன்னொரு கொரோனா வைரஸால் வந்த 2003 சார்ஸ் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். குவாங்டாங் சந்தைப் புனுகுப்பூனைகளில் கிடைத்த வைரஸ் மனித வைரஸோடு 99.8% ஒத்தது. நேரடி மூலம் என்று பேச அந்த நெருக்கம் வேண்டும்.

மொத்த சதவீதத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். கொரோனா வைரஸ்கள் ஒரே வௌவாலுக்குள் சந்தித்தால் துண்டு மாற்றிக்கொள்ளும். லாவோஸ் வௌவாலில் கிடைத்த பனால்-52 என்ற வைரஸ் மொத்தத்தில் 96.8% தான். ஆனால் நம் செல்லைப் பற்றும் ஸ்பைக் பகுதி மனித வைரஸுடையதைப் போலவே இருக்கிறது. யுனான் வைரஸில் அந்தப் பகுதி நன்றாகவே விலகி நிற்கிறது. நம் உடலின் ஃபியூரின் என்ற நொதி ஸ்பைக்கை வெட்டும் இடத்தின் 12 எழுத்துச் செருகல் இரண்டிலுமே இல்லை. அதனால் துண்டு துண்டாக ஒப்பிட்டுத்தான் வம்சம் வரைய வேண்டும்.

பதில்: சோலைக்காடு
வௌவாலுக்கும் மனிதனுக்கும் நடுவில் வந்த விலங்குதான் இன்னும் கைக்கு வராத கண்ணி. சார்ஸ் காலத்தில் குவாங்சோ சந்தைப் புனுகுப்பூனைகளில் சுமார் 80 சதவீதத்துக்கு, தொற்று வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்பொருள் இருந்தது, பண்ணைகளிலோ பெரும்பாலும் இல்லை. சந்தை நெரிசலில்தான் பரவியது என்று அப்படித் தெரிந்தது. கோவிட்டின் முதல் நோயாளிகள் பலரோடு தொடர்புடைய வூஹான் ஹுவானான் சந்தையை 2020 ஜனவரி 1 அன்று மூடிவிட்டார்கள். அங்கே விற்ற, நரி போன்ற ரக்கூன் நாய்களை உயிரோடு சோதிக்கவில்லை. பிறகு கடைப்பரப்பில் துடைத்தெடுத்த மாதிரிகளில் அவற்றின் மரபணுவும் வைரஸும் சேர்ந்தே கிடைத்தன. அந்த விலங்கு அங்கே நின்றது தெரிகிறது. தொற்றியதா என்பது அதிலிருந்து தெரியாது. போன சான்று போனதுதான், இதுதான் பெரிய வருத்தம்.

பதில்: நுண்ணோக்கி, உதகை
புகை வேண்டவே வேண்டாம். அது வௌவாலைக் கொல்லும், மிஞ்சியவை பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போகும். இந்திய ஆய்வில் பழந்தின்னி வௌவால்கள் 586-இல் 25-க்குக் கொரோனா வைரஸ் இருந்தது. அவை வேறு வகை, கோவிட் வைரஸ் இல்லை.

எச்சமே போதும், வௌவாலைத் தொட வேண்டியதில்லை. ஆனால் வனத்துறை அனுமதியும், வாங்கிக்கொள்ளும் ஆய்வகமும் முதலில் உறுதியாகட்டும். குட்டி போடும் பருவத்தில் பரணில் ஏறாதீர்கள். என்95 முகக்கவசம், கையுறை கட்டாயம். மாலையில் அவை வெளியேறியதும் சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, மறுநாள் விழுந்த ஈர எச்சத்தை மட்டும் எடுங்கள். காய்ந்து உதிர்வதில் வைரஸின் மரபணுவான ஆர்என்ஏ சிதைந்திருக்கும், தூசியும் மூக்கில் ஏறும். 2 மி.லி. குழாயில் ஆர்என்ஏ பாதுகாப்புத் திரவம் ஊற்றி, பச்சைப்பயறு அளவு எச்சம் போதும். அதிகம் திணித்தால் திரவம் உள்ளே ஊறாது. அந்தத் திரவத்தில் 4 டிகிரியில் ஒரு மாதம் வரை தாங்கும். அதற்கு மேல் மைனஸ் 80.

எச்சத்தில், மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனையைத் தடுக்கும் பொருள் நிறைய உண்டு. அதனால் தெரிந்த ஆர்என்ஏவை ஒவ்வொரு குழாயிலும் கலந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால் 'வைரஸ் இல்லை' என்ற முடிவு செல்லாது. ஒரே பரணில் இரண்டு மூன்று இனம் தொங்கும், இனத்தையும் மரபணு வைத்தே உறுதி செய்யுங்கள்.

கேள்வி: மலைக்காற்று
நன்றி. பத்துக் குழாய்க்குத்தான் வழி இருக்கிறது. போதுமா சார்?

பதில்: நுண்ணோக்கி, உதகை
பத்தும் நெகட்டிவ் என்றால், கூட்டத்தில் நாலில் ஒன்றுக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்று மட்டும் சொல்லலாம். பத்தில் ஒன்றுக்கும் கீழே என்று சொல்ல முப்பதாவது வேண்டும், அதுவும் வெவ்வேறு வௌவாலுடையதாக. விரிப்பில் ஒரே இடத்தில் குவிந்ததை எல்லாம் எடுத்தால் ஒரே வௌவாலைத் திரும்பத் திரும்ப எண்ணுவீர்கள். குழாய்க்குக் குழாய் இரண்டு அடியாவது தள்ளி எடுங்கள்.